சனிக்கிழமைக் கயிறு

சோளக்காடு என்ற மலையூரில் இருசாயியை நம்பாதவர் யாரும் இல்லை. இருசாயி நம்பியவர்தான் யாரும் இல்லை. அவளிடம் பலாப்பழம் வாங்குகிறவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பதில்லை. "இது நாளைக்குத்தாங் கனியும்" என்று அவள் சொன்னால் அது நாளைக்குத்தான் கனியும். அவளோ உப்பு வாங்கினால்கூட ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே முந்தானையில் முடிந்துகொள்வாள். பஸ் எப்போது புறப்படும் என்று முதலில் டிரைவரிடம் கேட்பாள், பிறகு கண்டக்டரிடம் கேட்பாள். இருவரும் வேறு வேறு பதில் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்பாள். ஒரே பதிலைச் சொன்னால், "பேசி வெச்சுக்கிட்டாங்க" என்பாள்.

இது அவளுடைய பிறவிக் குணம் என்று ஊரில் பலர் சொல்வதுண்டு. அது சரியன்று. அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது. அந்தத் தொடக்கத்தைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொன்னால் அவளுக்கு நியாயம் செய்ததாகாது.

இருசாயி தன் மாமன் மகன் நல்லமுத்துவையே கட்டியவள். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஊர். நல்லமுத்து காய்ச்சலில் போனபோது அவளுக்கென்று மிஞ்சியவை ஒரு பலாமரமும், அதன் கீழே சமதளமாக விரிந்து கிடந்த ஒரு காடும். சாமையை அறுத்து, அங்கேயே ஒரு களம் வைத்துப் போரடித்து, அங்கேயே காய வைப்பாள். மலையில் ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், சமதளம் கிடைக்காது. உழுகிறவனுக்கு அருமையான அந்தச் சமதளம் ரோடு போடுகிறவனுக்கும் அருமையானதுதான் என்பது, சங்கிலியும் சிவப்புக் கொடியுமாகச் சில பேர் மேலே ஏறி வந்த பிறகே அவளுக்குத் தெரிந்தது.

வந்தவர்கள் நயமாகத்தான் பேசினார்கள். "உங்க காட்டு ஓரமா ஒரு பாதை போகுதுங்க ஆயா. இனிமே சரக்கத் தலையில தூக்கிக்கிட்டு அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் எறங்க வேண்டியதில்ல. உங்களுக்கு நல்லதுக்குத்தான்" என்றார்கள். ஓரமாக ஒரு பாதை என்றதும், தன் தம்பியும் இன்னொருவனும் பக்கம் பக்கமாக நடந்து போகிற அகலத்தை இருசாயி மனத்தில் நினைத்துக்கொண்டாள். காகிதத்தை நீட்டினார்கள். கட்டைவிரலை வைத்தாள். சில மாதம் கழித்துக் கல்லும் தாரும் வந்து, அவளுடைய காட்டை ஓரத்திலிருந்து அல்லாமல் நடுவிலிருந்து தின்னத் தொடங்கின. கேட்கப் போனபோது, அந்த நிலத்தை அவளே மனமுவந்து ஊருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் காகிதத்தின் நகலை அவள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மிஞ்சியது பலாமரத்தின் அடியும் அதைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற இடமும். அதுவும் ரோட்டுப் புறம்போக்கில்தான் சேர்த்தி என்று பின்னால் ஒருவர் சொன்னார்.

அந்த நகலை அவள் ஒரு மூங்கில் குழாய்க்குள் சுருட்டி வைத்து, கூரை எரவானத்தில் செருகினாள். பிறகு பஸ்ஸின் நெற்றிப் பலகையைப் பார்த்தும், லாரியின் முதுகில் எழுதியிருந்ததைப் பார்த்தும், கடைக்காரர் சாமான் மடித்துக் கொடுத்த தாளைப் பார்த்தும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். கற்றது புத்தகம் படிக்க அன்று. இன்னொரு முறை கட்டைவிரல் கொடுக்காமல் இருப்பதற்கு.

சந்தை நாளான சனிக்கிழமைதோறும் அவள் அந்தப் பலாமரத்தடியில் கடை விரித்து உட்கார்ந்தாள். தன் மரத்துப் பழம், கூலிக்குப் போன காடுகளில் கிடைத்த மிளகு, மரவள்ளிக் கிழங்கு, காலத்துக்கு ஏற்றபடி சாமை. கீழிருந்து வரும் லாரிகள் அவளுக்கு முன்னால் வந்து நிற்கும். சேந்தமங்கலத்து வியாபாரி, நாமக்கல் வியாபாரி, ராசிபுரத்து வியாபாரி என்று நாலைந்து பேர் இறங்கி ஆளுக்கு ஒரு விலை கேட்பார்கள். ஒருவர் கேட்டதை இன்னொருவர் காதில் போட்டு ஏற்றி விற்கிற சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது. காடு போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த இடமும் அந்த நாலைந்து வியாபாரிகளும்தான். அந்த இடத்தை எவனாவது எடுத்துக்கொள்ளப் போகிறான் என்ற எண்ணம் அவளை விட்டு ஒரு நாளும் அகன்றதில்லை.

இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாரியாயி நோன்பின்போது கற்றாழை நாரில் கயிறு திரித்து, வேப்பந்தழையும் மாந்தழையும் செருகி, ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே கட்டுவார்கள். கயிறு கட்டிய பிறகு பொதி மாடும் வண்டியும் அதைத் தாண்டாது. வெளியார் வரலாம், செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து வர வேண்டும். உள்ளே இருப்பதை விலைக்கு வாங்கிக்கொண்டும் போகலாம். ஆனால் வாங்கியவர்தான் தூக்க வேண்டும். ஊர்க்காரர் யாரும் தம் விளைச்சலைத் தாமே சுமந்து கயிற்றைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் சாமி கொடுத்த விளைச்சலை வேண்டாம் என்று வெளியே தள்ளியதாக ஆகும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கே பால் குடிக்கத் தெரிவதுபோல அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். அதனால் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை.

ரோடு வந்த பிறகு வந்த முதல் நோன்பில் ஒரு லாரிக்காரர் அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனார். கீழ் வளைவில் அவருடைய லாரி அச்சு முறிந்து நின்றது. ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. லாரிக்காரர்கள் நினைத்தார்கள். அதற்குப் பிறகு தழை செருகிய கயிறு எங்கே தெரிந்தாலும் தூரத்திலேயே பிரேக்கை அழுத்தினார்கள்.

சந்தைத் தெரு என்பது உண்மையில் ரோடுதான். இரு ஓரமும் கடை, நடுவில் லாரி. ஒரு சனிக்கிழமை, பின்னால் நகர்ந்த லாரி ஒன்று, இருசாயிக்குப் பக்கத்தில் கடை போடுகிற பாவாயியின் கூடையையும் ஆட்டுக்குட்டியையும் நசுக்கிவிட்டு, பாவாயியின் கால்மேல் ஏறாமல் தப்பியது. ஊர் கொதித்தது. மறு சனிக்கிழமையே மாணிக்கம் மொதலாளி ஒரு யோசனையோடு வந்தார்.

மாணிக்கம் அடிவாரத்துக்காரர், மிளகுக்கும் பழத்துக்கும் மொத்த வியாபாரி. நல்ல கனத்த உடம்பு. எப்போதும் கீச்சிடுகிற தோல் செருப்பு. "சந்தை அன்னைக்குத் தெருவ மூடிரலாமுங்க. லாரியெல்லாம் கீழ் வளைவுலயே நிக்கட்டும். நீங்க ரோட்டு நடுவுலயே நிம்மதியாக் கடை போடுங்க. கொழந்தைங்க ஓடியாடட்டும். பொழுது சாய்ஞ்சா சேர்வையாட்டம் ஆடுங்க. எத்தன நாளைக்கு இந்த லாரிச் சனியனுக்குப் பயந்து ஓரத்துல ஒண்டுவீங்க?" என்றார்.

கேட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. பாவாயி அழுதேவிட்டாள். இருசாயி மட்டும் பழத்தை அறுத்துக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தினாள்.

"ஏம் பாவாயி, மொதலாளிகிட்ட லாரி இருக்குதா இல்லியா?"

"இருக்குதே. பச்சைக் கலர் லாரி."

"லாரி வெச்சிருக்கறவரு லாரிய நிறுத்துங்கறாரு. பூனையே வந்து பால் பானைய மூடி வையின்னு சொன்னா நீ என்ன நெனப்ப?"

"உனக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லோணும் அக்கா. செத்தது எங் குட்டி."

"குட்டி செத்ததுக்கு அவரு எதுக்கு இத்தன வேகமா வாராரு? உம் பெரியப்பன் செத்தப்பக்கூட உங்க அண்ணன் இவ்வளவு வேகமா வரல."

பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருசாயிக்கு அது உறைக்கவில்லை. அவள் மனம் கீழ் வளைவுக்குப் போய்விட்டது. லாரிகள் அங்கே நிற்கும் என்றால், அங்கே என்ன இருக்கிறது?

மறுநாள் விறகு பொறுக்கப் போகிறவள்போலக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழ் வளைவை அடுத்து முன்பு புதராகக் கிடந்த இடம் துப்புரவாக வெட்டப்பட்டிருந்தது. கம்பம் நட்டு, தகரம் வேய்ந்து, புதிதாக ஒரு கொட்டாய். கொட்டாயின் நடுவில் உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய பெரிய தராசு. பக்கத்தில் புதிய கிலோக் கற்கள். லாரி நிற்கக்கூடிய இடம் முழுவதையும் வளைத்து முள்வேலி. வேலிக்கு ஒரே ஒரு வாசல். வாசலில் மாணிக்கத்தின் கணக்குப்பிள்ளை மாதேஸ்வரன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான்.

"என்ன ஆயா, வெறகா?"

"வெறகுதாஞ் சாமி. இங்க இருந்த வெறகெல்லாம் எங்க?"

"எல்லாம் வெட்டியாச்சு. மொதலாளி இந்த எடத்தக் குத்தகைக்கு எடுத்துட்டாரு."

"எதுக்கு?"

"லாரி நிக்க."

"எல்லாரு லாரியுமா?"

மாதேஸ்வரன் சிரித்தான். "உள்ள விட்டா நிக்கப் போகுது. விடலீன்னா திரும்பப் போகுது" என்றான்.

அந்தச் சிரிப்போடு எல்லாம் விளங்கிவிட்டது. தெருவை மூடினால் ஒரு லாரியும் மேலே வராது. கீழே நிற்க இடம் ஒன்றுதான். அந்த இடம் மாணிக்கத்தினுடையது. மற்ற வியாபாரிகளை உள்ளே விட மாட்டார். ஊர்ச் சனம் முழுவதும் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு அந்தத் தராசுக்கு வந்து சேர வேண்டும். ஒருவர் சொன்ன விலைதான் விலை. பலாமரத்தடியில் இருசாயி உட்கார்ந்திருப்பாள். கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். முன்பு காட்டை வாங்கியவர்கள் பாதை கொடுப்பதாகச் சொன்னார்கள். இவர் தெருவையே கொடுப்பதாகச் சொல்கிறார்.

நேராகத் தம்பி காத்தானிடம் போனாள். காத்தான் ஊர்க்கவுண்டர். கயிறு கட்டுவதும், சபையைக் கூட்டுவதும் அவனுடைய பொறுப்பு. அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கற்றாழை நாரை உரித்துக்கொண்டிருந்தான். இருசாயி கண்டதைக் கண்டபடி சொன்னாள். காத்தான் தலை நிமிராமல் கேட்டான்.

"சரிக்கா" என்றான்.

"என்ன சரி?"

"பாத்துக்கலாம்."

அப்போதுதான் அவள் அவனுடைய தோளைப் பார்த்தாள். புதுத் துண்டு, சிவப்புக் கரை, கஞ்சிகூடக் கலையவில்லை. மலையில் விற்கிற துண்டு அன்று. கீழே இருந்து வந்தது. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

சபை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு முன்னால் கூடியது. மாணிக்கம் ஒரு கூடை வாழைப்பழத்தோடு வந்திருந்தார். மலையில் விளைந்த வாழைப்பழத்தை மலைக்காரர்களுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாரே என்று யாரோ முணுமுணுத்ததும் சிரிப்பு எழுந்தது. தெருவை மூடுவதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படி மூடுவது என்பதுதான் பேச்சாக இருந்தது.

"போர்டு வெக்கலாமா?" என்றார் ஒரு பெரியவர்.

"போர்ட லாரிக்காரன் மதிப்பானுங்களா?" என்றார் மாணிக்கம். "உங்க நோன்புக் கயிறு இருக்குதே, அதக் கட்டுங்க. கோயிலுகிட்ட ஒண்ணு, கீழ் வளைவுல ஒண்ணு. அத ஒருத்தனும் அறுக்க மாட்டான்."

காத்தான் நிமிர்ந்து பார்த்தான். "கயிறா? நல்லா யோசிச்சுத்தாஞ் சொல்றீங்களா மொதலாளி?"

"இதுல யோசிக்க என்னங்க கவுண்டரே இருக்குது?"

"சபையில சொல்லிட்டா சொன்னதுதானுங்க. அப்புறம் அவுருன்னு சொல்லக் கூடாது."

"அவுக்கச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

இருசாயி எழுந்தாள். சபையில் பெண்கள் கேட்பார்கள். எழுந்து பேசுவது வழக்கமில்லை. கொட்டாயைச் சொன்னாள், வேலியைச் சொன்னாள், ஒற்றை வாசலைச் சொன்னாள். மாணிக்கம் புன்னகை மாறாமல் கேட்டிருந்துவிட்டு, "மழை வந்தா உங்க சரக்கு நனையக் கூடாதுன்னு தகரம் போட்டேன். அதுவும் தப்புங்களா?" என்றார். சனங்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். இருசாயி தம்பி பக்கம் திரும்பினாள். தன் கூடப்பிறந்தவனைப் பார்த்துச் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னாள்.

"துண்டு புதுசா இருக்குது தம்பி. எந்த ஊட்டுத் துணி? தகரக் கொட்டாயிலதான நெய்ஞ்சாங்க?"

காத்தானின் முகம் கறுத்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். மடித்து மடியில் வைத்துக்கொண்டான். "சனிக்கிழமை கயிறு கட்டுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சபையைக் கலைத்தான்.

மறுநாள் காலையில் கயிறு கட்டியாயிற்று. கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று. கீழ் வளைவில், வேலி வாசலுக்கு எதிரே ஒன்று. தழை பச்சையாக அசைந்தது. நடுவில் தெரு, லாரி இல்லாமல், ஹாரன் இல்லாமல், கழுவி விட்டதுபோலக் கிடந்தது. பாவாயி ரோட்டின் நட்ட நடுவில் சாக்கை விரித்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்தாள். பிள்ளைகள் தாரில் கரியால் கட்டம் போட்டு நொண்டினார்கள். இருசாயி மட்டும் தன் மரத்தடியை விட்டு நகரவில்லை. ரோட்டின் நடுவுக்குப் போனால் மரத்தடி போய்விடும் என்று எண்ணினாள்.

வெகு நேரம் ஒரு வியாபாரியும் வரவில்லை. கீழே வளைவில் வெளி லாரிகள் வாசலில் தடுக்கப்பட்டுக் கூச்சலிடுவது காதில் விழுந்தது. பிறகு மாதேஸ்வரன் கயிற்றுக்கு அப்பால் நின்று கைகளைக் குவித்துக் கூவினான்.

"எல்லாருஞ் சரக்க எடுத்துக்கிட்டுக் கொட்டாய்க்கு வாங்கோ! மொதலாளி வந்துட்டாரு! எடை போட்டுக்கலாம்!"

லாரி வரைக்கும் மூட்டையைச் சுமந்து கொடுப்பது சந்தையில் எப்போதும் உள்ள பழக்கம். அதனால் சனங்கள் யோசிக்காமல் எழுந்தார்கள், சும்மாடு கூட்டினார்கள், தூக்கினார்கள். இருசாயி எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். அவளுக்கு விற்கிற எண்ணம் இல்லை. அந்தத் தராசைச் சனங்கள் முன்னால் பிடித்து நிறுத்தி, அது எத்தனை பொய் சொல்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு கையளவு மிளகாவது அது விழுங்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வேகமாக நடந்தாள். பின்னால் ஊரே வரிசையாக வந்தது.

கயிற்றுக்கு முன்னால் அவள் கால் நின்றது.

அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கயிறு அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. மூட்டையோடு போக வேண்டுமானால் குனிய வேண்டும். குனிவதற்காகக் கழுத்தை வளைத்தவள் அப்படியே இருந்தாள். சிறு வயதிலிருந்து எத்தனையோ நோன்பில் இந்தக் கயிற்றைக் குனிந்து கடந்திருக்கிறாள். ஒரு முறைகூடத் தலையில் சுமையோடு கடந்ததில்லை. உடம்புக்கு அது பழக்கமே இல்லை. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அப்போதுதான் ஒவ்வொருவர் முகமாக அது புலப்பட்டது.

இருசாயி மூட்டையை இறக்கி, கயிற்றுக்கு உள்பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் பாவாயி தன் கூடையை வைத்தாள். பிறகு மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இறங்கின.

"என்ன ஆயா, தூக்கிக்கிட்டு வா" என்றான் மாதேஸ்வரன்.

"கயிறு கட்டியிருக்குது சாமி."

"குனிஞ்சு வா."

"குனியலாம். சுமையோட வரக் கூடாது. வாங்கறவங்கதான் வந்து தூக்கோணும்."

"அதெல்லாம் நோன்புக்கு ஆயா! இது சந்தை!"

"கயிறு நோன்பு பாக்குமா, சந்தை பாக்குமா? கட்டுனா கயிறுதான்" என்றாள் இருசாயி. அதுவரையில் அதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது அவள் குரலில் தெரியவில்லை.

மாணிக்கம் வெளியே வந்தார். முதலில் சிரித்தார், பிறகு அதட்டினார், பிறகு காத்தானைக் கூப்பிட்டார். காத்தான் கோயில் பக்கத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தான்.

"கவுண்டரே, இவங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"நான் என்னங்க மொதலாளி சொல்றது? சபையில கயிறு கட்டச் சொன்னது நீங்க."

"தெருவ மூடத்தானுங்க சொன்னேன்!"

"மூடியிருக்குதுங்களே."

இதற்குள் வேலி வாசலில் தடுக்கப்பட்டிருந்த வெளி வியாபாரிகள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். லாரிகளை ஏற்றத்திலேயே ஓரங்கட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்களோடு நடந்தே வந்து, குனிந்து உள்ளே புகுந்தார்கள். கிலோத் தராசு சங்கிலியில் வெளியே தொங்கியது. உள்ளே ஊர்ப் படியால் அளந்தார்கள். கடைசியில் மாணிக்கமும் கீச்சிடுகிற செருப்பைக் கழற்றினார். அந்த உடம்பைக் குனிய வைப்பது எளிதாக இல்லை. வேப்பந்தழை ஒன்று அவர் காதில் சிக்கிக்கொண்டது.

"மொதலாளிக்கு மாரியாயி கம்மல் போட்டுட்டா" என்றாள் பாவாயி. தெரு முழுவதும் சிரித்தது. மாணிக்கமும் வேறு வழியின்றிச் சிரித்தார்.

அவருக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவரும் வாங்கினார்; அவருடைய ஆட்களும் சுமந்தார்கள். எல்லோரையும்போல வெறுங்காலோடு நின்று விலை கேட்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். அன்று மாலை ரோட்டின் நடுவில் சேர்வையாட்டம் நடந்தது. இருசாயி அதைப் பார்க்க நிற்கவில்லை.

அவளுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. மறுநாள் காத்தானிடம் போய் முதல் கேள்வியைக் கேட்டாள். "தெரிஞ்சேதான் அந்தாளக் கயிறுன்னு சொல்ல உட்டியா?"

"கட்டச் சொன்னாங்க. கட்டுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்கிட்டச் சொன்னா நீ அதையும் நம்பியிருக்க மாட்ட. சபையில எந்திரிச்சுக் கேட்டிருப்ப" என்றான். அவன் தெரிந்துதான் செய்தானா, அவனுக்கும் அந்தக் கயிற்றின் முன்னால்தான் புலப்பட்டதா என்பதை அதற்கு மேல் அவன் சொல்லவே இல்லை.

"அந்தத் துண்டு?"

"திண்ணனூர் நாட்டுல எம் பொண்டாட்டியோட அண்ணன் குடுத்தது. போய்க் கேட்டுக்கோ."

வேறொருத்தியாக இருந்தால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இருசாயி போய்க் கேட்டாள். மலையின் இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டுக்கு நடந்து போய், சென்றாயன் என்ற அந்த மனிதனிடம், காத்தானுக்குத் துண்டு வாங்கிக் கொடுத்தது உண்மையா என்று கேட்டாள். அவன் திகைத்துப்போய், "ஆமாங்க, திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனப்ப எடுத்தது. எனக்கும் ஒண்ணு எடுத்தேன்" என்று கொடியில் கிடந்த சிவப்புக் கரைத் துண்டைக் காட்டினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். சாப்பிட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம், அவனுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பியிருக்கக் கூடுமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். ஆனாலும் அந்த வாரம் தன் மரத்துப் பலாப்பழங்களில் நல்லதாக ஒன்றை அறுத்துச் சுளை எடுத்து, காத்தான் வீட்டுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். துண்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. காத்தானின் தோளில் அதற்குப் பிறகு அந்தத் துண்டை யாரும் பார்க்கவும் இல்லை.

மாணிக்கம் அதோடு விடவில்லை. பொதுப் பாதையைச் சனிக்கிழமைதோறும் சிலர் கயிறு கட்டி மறிக்கிறார்கள் என்று மேலே மனுப் போட்டார். ஒரு சனிக்கிழமை ஜீப் வந்து கீழ் வளைவில் நின்றது. இறங்கிய அதிகாரி இளவயதுக்காரர். கயிற்றைப் பார்த்தார்; தழையைப் பார்த்தார்; கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரோட்டின் நடுவில் கிழவர்கள் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "யார் கட்டச் சொன்னது?" என்று கேட்டார். காத்தான் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தவரைக் கையால் காட்டினான். சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள்.

அதிகாரி ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். பாவாயியிடம் கொய்யா வாங்கித் தின்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, சனிக்கிழமைகளில் சந்தை முடியும் வரை வண்டிகள் உள்ளே வரலாகாது, வேலிக்குள்ளும் எல்லா லாரிக்கும் இடம் விட வேண்டும் என்று எழுதினார். எல்லோரும் சாட்சியாகக் கட்டைவிரல் வைக்க வேண்டும் என்றார். ஊரே வைத்தது. தாள் பலாமரத்தடிக்கு வந்தது.

இருசாயி அதை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். ஒரு குறையும் தென்படவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வையுங்க ஆயா. உங்க நல்லதுக்குத்தான்" என்றார் அதிகாரி.

"அப்படித்தானுங்க சாமி போன தடவையும் சொன்னாங்க" என்றாள் இருசாயி. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு சொல்லியும் வைக்கவில்லை. அந்தத் தாளில் அவளுடைய விரல் மட்டும் இல்லை.

ஆனால் அடுத்த சனிக்கிழமை அவள் வெறும் பழக்கூடையோடு வரவில்லை. வெளுக்கும் முன்பே எழுந்து, கயிறு கட்டியாயிற்றா என்று இரண்டு முனையிலும் போய்த் தொட்டுப் பார்த்தாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மூங்கில் குழாயை எரவானத்திலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாமை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பலாமரத்தின் அடியிலிருந்து ரோட்டை நோக்கி நடந்தாள். முன்பு களம் இருந்த இடம் அவள் காலுக்குத் தெரியும்; மேலே தார் போட்டிருந்தால் என்ன? அங்கே மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, பழைய களத்தின் அகலத்துக்குச் சாமையைப் பரப்பினாள். தார் வெயிலை வாங்கிக் கொடுத்தது. மண்ணில் காய்வதைவிட விரைவாகச் சாமை காய்ந்தது.

பாவாயி தன் சாக்கை ஓரமாக இழுத்துக்கொண்டு இடம் விட்டாள். "ஏக்கா, ரோட்டுல காயப் போட்டிருக்கியே, எவனாவது கேட்டா?"

"கேக்கட்டும். காயிதம் வெச்சிருக்கேன்."

"அதுல நீயே தானமாக் குடுத்துட்டேன்னுதான எழுதியிருக்குது?"

"ஊருக்குக் குடுத்தேன்னு எழுதியிருக்குது. இன்னைக்கு ஊரு இங்கதான இருக்குது?"

அதற்குப் பிறகு பல வருஷம், சாமைக் காலத்துச் சனிக்கிழமைகளில் அந்த இடத்தில் யாரும் கடை போட்டதில்லை. வெளியூர்க்காரர் தெரியாமல் காலை வைத்தால் பக்கத்திலிருக்கிறவர்கள், "மிதிச்சுறாதீங்க, அது இருசாயி காடு" என்பார்கள். அவள் அதன் ஓரத்தில் ஒரு குச்சியோடு, கோழிகளுக்கு முதுகைக் காட்டி, கீழ் வளைவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கோழியை ஓட்டப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருந்தார்கள். கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் நினைத்தாள்.